போர்க்கப்பல் ஒத்திகையில் சிவிலியன்களுக்கு என்ன வேலை?

விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் இந்தியப் படைகளும் அமெரிக்கப் படைகளும் சேர்ந்து ‘டைகர் டிரையம்ப்’ என்ற கூட்டுப் பயிற்சியை நடத்துகின்றன. முதல் பயிற்சி 2019 நவம்பரில் நடந்தது. பிறகு 2022 அக்டோபரிலும் 2024 மார்ச்சிலும் 2025 ஏப்ரலிலும் நடந்தது. அந்தச் செய்திகளைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒரு பத்தியில் போர்க்கப்பல், கரையிறங்கும் படகு, ஹெலிகாப்டர் என்று வரும். அடுத்த பத்தியில் மருத்துவ முகாம், நிவாரணம், மனிதாபிமான உதவி என்று வரும். இது போருக்கான பயிற்சியா, புயலுக்கான பயிற்சியா? உலகெங்கும் நடக்கும் இதுபோன்ற பன்னாட்டுப் பயிற்சிகளில் டாக்டர்கள், தொண்டு நிறுவனத்தார், ஐ.நா. ஊழியர்கள், உள்ளூர் அதிகாரிகள் என்று சீருடை இல்லாதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒரே கப்பல், இரண்டு வேலை

துறைமுகம் இல்லாத கரையில் வீரர்களையும் வண்டிகளையும் இறக்கத் தெரிந்த கப்பல், துறைமுகம் உடைந்துபோன ஊரில் அரிசி மூட்டையையும் ஜெனரேட்டரையும் இறக்கும். இரண்டு வேலைக்கும் தேவையான திறமை ஒன்றுதான். 2004 சுனாமியின்போது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நம் கரைகளோடு நிற்காமல் திருகோணமலை, காலி, மாலத்தீவு, இந்தோனேசியா வரை நிவாரணத்துக்குப் போயின. பெரிய கரையிறங்கு கப்பல் ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. 2007-இல் அமெரிக்காவின் ‘டிரென்டன்’ கப்பலை இந்தியா வாங்கி ‘ஐஎன்எஸ் ஜலாஷ்வா’ என்று பெயரிட்டது. டைகர் டிரையம்ப் பயிற்சிகளில் கலந்துகொள்வது இந்தக் கப்பல்தான்.

இதில் அரசியலும் உண்டு. இரண்டு நாட்டுப் படைகள் ‘யாருக்கு எதிராக’ என்று சொல்லாமலே ஒன்றாகப் பழகிக்கொள்ளப் பேரிடர் நிவாரணம் வசதியான தலைப்பு. அதனால் நிவாரணப் பயிற்சி வெறும் வேஷம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது நிவாரணம் மட்டுமே என்று நம்பிவிடவும் கூடாது. இரண்டு நோக்கமும் சேர்ந்தே ஓடுகின்றன.

பயிற்சிகள் பொதுவாக மூன்று வடிவங்களில் நடக்கும்.

1. மேசைப் பயிற்சி. எல்லாத் தரப்பும் ஓர் அறையில் உட்கார்ந்து, ‘இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று பேசித் தீர்ப்பது. செலவு குறைவு, பலன் அதிகம்.

2. தலைமையகப் பயிற்சி. களத்தில் ஒரு வீரர்கூட நகரமாட்டார். தலைமையகங்கள் மட்டும் நிஜம்போல இயங்கும். செய்தி வரும், முடிவெடுக்க வேண்டும், உத்தரவு போக வேண்டும். களத்தைக் கணினி காட்டும்.

3. களப் பயிற்சி. கப்பல், ஹெலிகாப்டர், கூடாரம், ஸ்ட்ரெச்சர் எல்லாம் நிஜம்.

பத்திரிகையில் வரும் படங்கள் மூன்றாவது வகையிலிருந்து வருகின்றன. சிவிலியன்களின் உண்மையான வேலை முதல் இரண்டில்தான் நடக்கிறது. யார் எதை முடிவுசெய்வது என்ற சண்டையைப் படம் பிடிக்க முடியாது.

## ஒரு சொல்லுக்குள் நாலு பேர்

‘சிவிலியன்கள் பங்கேற்பு’ என்று செய்தியில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒன்றோடொன்று சேராத நாலு வகையினர் இருக்கிறார்கள்.

1. அரசு நிர்வாகம். மாவட்ட ஆட்சியர், சுகாதாரத் துறை, பேரிடர் மேலாண்மை அலுவலகம், விமான நிலைய அதிகாரி, சுங்கம். இவர்கள் விருந்தினர்கள் அல்லர். பேரிடர் நேரத்தில் உண்மையில் வீட்டுக்காரர்கள் இவர்கள்தான்.

2. மனிதாபிமான அமைப்புகள். ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை இயக்கம், தொண்டு நிறுவனங்கள். இவர்கள் ராணுவத்தின் கட்டளைக்குக் கீழே வருவதில்லை. பயிற்சியில் உட்கார்ந்தாலும் தங்கள் அமைப்பாகவே உட்காருவார்கள்.

3. ராணுவ அமைப்புக்குள்ளேயே வேலை செய்யும் சிவிலியன்கள். அமெரிக்காவின் ‘மெர்சி’ மருத்துவக் கப்பல் நல்ல உதாரணம். ஆயிரம் படுக்கைகள் உள்ள இந்தக் கப்பலின் பெயருக்கு முன்னால் ‘யுஎஸ்எஸ்’ என்று போடுவதில்லை, ‘யுஎஸ்என்எஸ்’ என்று போடுகிறார்கள். கப்பலை ஓட்டுவது சிவிலியன் மாலுமிகள் என்பதற்கான அடையாளம் அது. சுனாமிக்குப் பிறகு 2005-இல் அது இந்தோனேசியாவின் அச்சே கடலில் நின்றபோது, கடற்படை மருத்துவர்களோடு தொண்டு நிறுவன மருத்துவர்களும் அதில் வேலை செய்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 2006-இல் ‘பசிபிக் பார்ட்னர்ஷிப்’ என்ற ஆண்டுதோறும் நடக்கும் பயணம் பிறந்தது. 2018-இல் மெர்சி திருகோணமலைக்கு வந்ததும் அந்தப் பயணத்தில்தான்.

4. நடிக்க வருபவர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஹோஹென்ஃபெல்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தின் பயிற்சிக் களம் இருக்கிறது. அங்கே பொய்யாகக் கட்டிய கிராமங்களில் கூலிக்கு அமர்த்தப்பட்ட சாதாரண மக்கள் வாரக்கணக்கில் தங்கி ஊர்த் தலைவராக, கடைக்காரராக, பத்திரிகையாளராக, அழுகிற தாயாக நடிக்கிறார்கள். இளம் வீரர்களுக்கு மக்களோடு பேசப் பழக்குவது நோக்கம்.

இரண்டாவது வகையையும் நான்காவது வகையையும் ஒன்றாக எண்ணுவதுதான் பெரிய தவறு. தொண்டு நிறுவனக்காரராக ஒரு நடிகரை உட்காரவைத்தால் அவர் ராணுவம் எதிர்பார்ப்பதையே சொல்வார். உண்மையான தொண்டு நிறுவனக்காரர் ‘முடியாது’ என்பார். அந்த ‘முடியாது’வைக் கேட்பதற்காகத்தான் அவரை அழைக்க வேண்டும்.

## விமான நிலையம் யார் கையில்?

2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் சேதமானது. ஹெய்ட்டி அரசின் ஒப்புதலோடு அமெரிக்க விமானப்படை வந்து ஓடுதளத்தை இயக்கியது. ஒற்றை ஓடுதளம், உலகம் முழுவதிலிருந்தும் விமானங்கள் வந்தன. அப்போது ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, காற்றடைத்து நிறுத்தும் அறுவைசிகிச்சைக் கூடாரத்தை ஒரு சரக்கு விமானத்தில் அனுப்பியிருந்தது. இறங்க அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்து டொமினிக்கன் குடியரசில் இறக்கி, லாரியில் ஏற்றிச் சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இடிபாட்டில் நசுங்கிய கை கால்களோடு மக்கள் காத்திருந்த நாட்கள் அவை.

அந்த ஓடுதளத்தை இயக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் வந்திராவிட்டால் விமானமே இறங்கியிருக்காது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எந்த விமானம் முதலில் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு மருத்துவரின் கண் வேண்டும். எந்தக் கூடாரத்தில் எத்தனை பேருக்கு அறுவைசிகிச்சை செய்ய முடியும் என்று தெரிந்தவர் அந்த வரிசையை எழுத வேண்டும். கண்டனங்கள் எழுந்த பிறகே மனிதாபிமான விமானங்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு ஐ.நா.வோடு செய்யப்பட்டது.

இன்றைய பயிற்சிகளின் மையக் கேள்வி இதுதான். விமானத்தை இறக்குவது எப்படி என்பது ராணுவத்துக்குத் தெரியும். எதை முதலில் இறக்குவது என்பது தெரியாது.

## ஒஸ்லோ நெறிகள் சொல்வது

பேரிடரில் வெளிநாட்டு ராணுவத்தைப் பயன்படுத்துவதற்கு 1994-இல் உருவான சர்வதேச வழிகாட்டு நெறிகளை ‘ஒஸ்லோ நெறிகள்’ என்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு 2006-இலும் 2007-இலும் அவை திருத்தப்பட்டன. அவை சட்டம் அல்ல, ஒப்புக்கொண்ட நடைமுறை. சாரம் இது: சிவிலியன்களிடம் அதற்கு ஈடான வசதி இல்லாதபோது மட்டுமே, கடைசி வழியாக, ராணுவ வசதியைக் கேட்க வேண்டும். கேட்பது பாதிக்கப்பட்ட நாடாகவோ ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பாளராகவோ இருக்க வேண்டும்.

உதவியையும் அந்த நெறிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. சோற்றுப் பொட்டலத்தை மக்கள் கையில் கொடுப்பது நேரடி உதவி. அந்தப் பொட்டலத்தை ஊர் எல்லைவரை கொண்டுவந்து தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பது மறைமுக உதவி. பாலத்தைச் சரிசெய்வது, ஓடுதளத்தை இயக்குவது, மின்சாரம் தருவது எல்லாம் கட்டமைப்பு உதவி. மக்களின் கண்ணில் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு தூரம் ராணுவத்தின் உதவி பொருத்தமானது என்பதே இதன் தர்க்கம்.

ஆனால் படக்கருவி விரும்புவது நேரடி உதவியைத்தான். குழந்தையின் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்கும் சிப்பாயின் படம் எல்லாப் பயிற்சியிலும் வருகிறது. பாலத்தின் கீழே வெல்டிங் செய்பவரின் படம் அரிதாகவே வருகிறது.

இன்னொரு நுட்பமான வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘சிவில்–ராணுவ ஒத்துழைப்பு’ என்று நேட்டோ சொல்லும்போது, ராணுவத்தின் இலக்கு நிறைவேறச் சிவிலியன்களோடு உறவு வைத்துக்கொள்வதைக் குறிக்கிறது. ‘சிவில்–ராணுவ ஒருங்கிணைப்பு’ என்று ஐ.நா. சொல்லும்போது, மனிதாபிமான வேலையின் நடுநிலைமை கெடாமல் ராணுவத்தோடு பேசிக்கொள்வதைக் குறிக்கிறது. சொல் ஏறக்குறைய ஒன்று, திசை எதிரெதிர். ஒரே மேசையில் இருவரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி, உடன்பட்டுவிட்டதாக எண்ணி எழுந்துபோவார்கள். அந்தத் தவறு பயிற்சியில் வெளிப்பட்டால் நல்லது. களத்தில் வெளிப்பட்டால் உயிர் போகும்.

## போகாலாந்து என்ற இல்லாத நாடு

ஸ்வீடனில் 1999-இல் தொடங்கிய ‘வைக்கிங்’ பயிற்சி இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒன்று. ஸ்வீடன் ராணுவமும், ஃபோல்க் பெர்னடோட் அகாதெமி என்ற சிவில் அரசு அமைப்பும் சேர்ந்து நடத்துவது. 1948-இல் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐ.நா. சமரசத் தூதரின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. 2018-இல் நடந்த வைக்கிங் பயிற்சியில் ஏறத்தாழ 60 நாடுகளிலிருந்து சுமார் 2,500 பேர் கலந்துகொண்டார்கள். ஸ்வீடனில் மட்டுமல்ல, பிரேசில், அயர்லாந்து, செர்பியா என்று பல நாடுகளில் இருந்தபடியே கணினி வழியாக ஒரே கதைக்குள் இயங்கினார்கள்.

கதை நடக்கும் நாட்டின் பெயர் போகாலாந்து. உள்நாட்டுப் போர் முடிந்தும் முடியாமலும் இருக்கும் கற்பனை நாடு. உண்மையான நாட்டின் பெயரை வைத்தால் அந்த நாட்டின் தூதரகம் ஆட்சேபிக்கும். பங்கேற்பவர்களும் அரசியல் வாதத்தில் இறங்கிவிடுவார்கள். கற்பனை நாட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

வைக்கிங்கின் சிறப்பு, சிவிலியன்களைக் கடைசி வாரத்தில் அழைக்காமல் திட்டமிடும் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்வது. கதையை எழுதும் மேசையிலேயே அவர்களும் இருக்கிறார்கள். என் கணிப்பில், ஒரு பயிற்சியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

பயிற்சியை இயக்கும் குழுவை ‘எக்ஸ்கான்’ என்பார்கள். அவர்களிடம் ஒரு நீண்ட நிகழ்வுப் பட்டியல் இருக்கும்: எந்த நாள், எந்த நேரம், எந்த மேசைக்கு, என்ன தகவல் போக வேண்டும் என்று. அப்படிப் போகும் ஒவ்வொரு தகவலும் ஓர் ‘இன்ஜெக்ட்’. அது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, வழக்கமாக வரும் மாதிரியில் ஓர் இன்ஜெக்டை இங்கே அமைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள், காலை 10.20. மூன்று மேசைகளுக்கு ஒரே நேரத்தில் தகவல் வருகிறது: ‘கிழக்கு முகாமில் வயிற்றுப்போக்கு பரவுகிறது. தண்ணீர் லாரி ஓட்டுநர்கள் வண்டி எடுக்க மறுக்கிறார்கள். வழியில் ஆயுதக் குழுவின் சோதனைச் சாவடி.’

ராணுவ மேசை பத்து நிமிடத்தில் தீர்வு சொல்லிவிடும்: லாரிகளுக்கு முன்னும் பின்னும் கவச வண்டி. கேட்க நன்றாகவே இருக்கும். ஐ.நா. மேசையில் இருப்பவர் மறுப்பார். இன்று கவச வண்டியோடு போனால், நாளை முதல் அந்தப் பாதையில் போகும் ஒவ்வொரு தண்ணீர் லாரியும் ராணுவ லாரி ஆகிவிடும்; சுடப்படுவது ஓட்டுநர். சுகாதார மேசை இன்னொன்றைக் கேட்கும்: ‘தண்ணீர் குறைந்ததால் நோயா, தண்ணீர் கெட்டதால் நோயா? கெட்டதென்றால் நமக்கு வேண்டியது லாரி இல்லை, குளோரின்.’ உள்ளூர் நிர்வாகி என்று ஒருவர் இருந்தால், வடக்கே ஒரு பழைய பாதை உண்டு, சிறுபாலம் மட்டும் உடைந்திருக்கிறது என்பார்.

மதியத்துக்குள் ராணுவத்தின் வேலை மாறியிருக்கும். கவச வண்டி அனுப்புவதற்குப் பதிலாக, சோதனைச் சாவடி இல்லாத பாதையில் அந்தச் சிறுபாலத்தைச் சரிசெய்யும். கவச வண்டிக் காவலாகத் தொடங்கியது கட்டமைப்பு உதவியாக முடிந்தது. ஒஸ்லோ நெறிகளில் இது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நெறி உள்ளே இறங்கிவிட்டது. பயிற்சி என்பது இதற்காகத்தான்.

## சீருடைக்குத் தெரியாதவை

ராணுவத் திட்டமிடலில் விடுபடும் விஷயங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை.

2001-இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானங்கள் வானத்திலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பொட்டலத்தின் நிறம் மஞ்சள். அதே நாட்களில் அதே வானத்திலிருந்து விழுந்த கொத்துக் குண்டுகளின் சிறு குண்டுகளும் மஞ்சள் நிறம். வெடிக்காமல் தரையில் கிடக்கும் குண்டைச் சாப்பாடு என்று எண்ணி ஒரு குழந்தை ஓடிப்போய் எடுக்கலாம். வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்ப வேண்டிய நிலை வந்தது. பிறகு பொட்டலத்தின் நிறமே மாற்றப்பட்டது. குண்டின் நிறத்தைத் தீர்மானித்த அலுவலகமும் உணவின் நிறத்தைத் தீர்மானித்த அலுவலகமும் வேறு வேறு. இரண்டையும் தரையிலிருந்து, பசியோடு இருக்கும் ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்க்க அந்த மேசையில் ஆள் இல்லை.

2013 நவம்பர் 8-ஆம் தேதி பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரத்தை ஹையான் புயல் தாக்கியது. நாடு முழுவதும் 6,300 பேருக்கு மேல் இறந்தார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ‘ஸ்டார்ம் சர்ஜ்’, அதாவது புயலோடு கடல் பொங்கி உள்ளே வருவது, என்ற சொல் மக்களுக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே என்று தப்பியவர்கள் சொன்னார்கள். நம் கரைக்கு இந்தத் துயரம் தலைகீழாகத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் கரையில் இருந்தவர்களுக்கு ‘சுனாமி’ என்ற சொல்லே தெரியாது.

அந்த நாகப்பட்டினத்திலிருந்தே மூன்றாவது உதாரணம். மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். நாடெங்குமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்தன. அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியை வாங்கிக் கட்டிக்கொள்ள மீனவ மக்களின் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் குவியலை அகற்றுவதே தனி வேலையாயிற்று. எந்தத் தொண்டு நிறுவனம் எந்த ஊரில் எதைச் செய்கிறது என்று ஒழுங்குபடுத்த, 2005 ஜனவரி தொடக்கத்திலேயே மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. பன்னாட்டுப் பயிற்சிகளில் இன்று ஒத்திகை பார்க்கிற ‘ஒருங்கிணைப்பு மையம்’ என்ற யோசனையை, ஒத்திகை எதுவும் இல்லாமல், இறந்தவர்களைப் புதைத்த ஈரம் காயாத வாரத்தில் உருவாக்கிக் காட்டிய ஊர் அது.

## வரமாட்டோம் என்பவர்களின் நியாயம்

எல்லா அமைப்புகளும் இந்தப் பயிற்சிகளுக்கு வருவதில்லை. வருகிறவர்களும் நிபந்தனையோடுதான் வருகிறார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பல பயிற்சிகளில் பங்கேற்கிறது. ஆனால் தன் வேடத்தைத் தானே ஏற்கும், ராணுவத்தின் திட்டத்துக்குள் தன்னை ஒரு பிரிவாகக் காட்ட ஒப்பாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2004-இல் தெற்கு ஆப்கானிஸ்தானில் கூட்டுப்படைகள் துண்டறிக்கைகளைப் போட்டன. உதவி தொடர வேண்டுமானால் தலிபான்களைப் பற்றித் தகவல் கொடுங்கள் என்பது அதன் பொருள். அதன்பின் உதவி செய்ய வருகிறவர் எல்லோரும் உளவு பார்க்க வருகிறவர்களாகத் தெரிந்தால் அந்த மக்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்தத் துண்டறிக்கையைக் கண்டித்தது. அதே ஆண்டு ஜூனில் அந்த அமைப்பின் ஊழியர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் அது நாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

விலகி நிற்பதாலும் பாதுகாப்பு வந்துவிடாது. 2015 அக்டோபர் 3-ஆம் தேதி அதிகாலை ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் அதே அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற இடக்குறிப்பு சில நாட்களுக்கு முன்புதான் மீண்டும் கொடுக்கப்பட்டிருந்தது. தாக்குதல் நடக்கும்போதே அமைப்பினர் ராணுவத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். தகவல் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தும், சுடுகிறவரிடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ராணுவத்தோடு ஒரே கூடாரத்தில் உட்கார மறுப்பவர்களும்கூட, ‘நாங்கள் ஃபோன் செய்தால் யார் எடுப்பார்? எடுத்தவர் யாரிடம் சொல்வார்? எத்தனை நிமிடம் ஆகும்?’ என்பதை மட்டுமாவது ஒத்திகை பார்ப்பது அவசியம் என்று சொல்லத் தோன்றுகிறது. இது ஒத்துழைப்பு அல்ல. உயிரோடு இருப்பதற்கான ஏற்பாடு.

ராணுவமே ஒரு தரப்பாக இருந்த மண்ணில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அச்சேயில் 2004-இல் சுனாமி வந்தபோது அங்கே இந்தோனேசிய ராணுவத்துக்கும் போராளிகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும், சீருடைக்காரர் வந்து பெயரைக் கேட்டு எழுதும்போது ஒரு தாயின் நெஞ்சு பதறும். அவர் கொண்டுவந்தது அரிசியாகவே இருந்தாலும் பதறும். அந்தப் பதற்றம் எந்த நிகழ்வுப் பட்டியலிலும் தானாக வராது. தெரிந்தவர் சொல்லி எழுதவைத்தால்தான் வரும்.

## நேபாளத்தில் பலித்ததும் பலிக்காததும்

ஒத்திகையால் உண்மையில் பயன் உண்டா என்று பார்க்க நேபாளம் நல்ல இடம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நேபாள ராணுவமும் அமெரிக்க ராணுவமும் சிவில் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு காத்மாண்டுவில் நிலநடுக்க ஒத்திகைகள் நடத்தியிருந்தன. நிலநடுக்கம் வந்தால் நகரத்துக்கு இருக்கும் ஒரே சர்வதேச விமான நிலையம் அடைத்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐ.நா. உலக உணவுத் திட்டம் அந்த விமான நிலையத்திலேயே கட்டிய நிவாரணக் கிடங்கு வளாகம், நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுப் படைகளுக்கு ஓர் ஒருங்கிணைப்பு மையம், படைகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நடுவே பேச இன்னொரு மையம் என்று இரண்டும் விரைவில் இயங்கின. ஹெய்ட்டியில் நடந்த குழப்பம் அதே அளவில் திரும்பவில்லை.

பலிக்காதவையும் உண்டு. ஓடுதளம் சேதமாகி, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தடை வந்தது. வந்திறங்கிய பொருட்கள் சுங்கச் சோதனையில் தேங்கின, ஐ.நா. அதிகாரி வெளிப்படையாகவே நேபாள அரசிடம் முறையிட்டார். படைகள் ஒத்திகை பார்த்திருந்தன, தொண்டு அமைப்புகளும் பார்த்திருந்தன. முத்திரை குத்தும் சுங்க அதிகாரியின் வேலையும் ஒரு மீட்புப்பணிதான் என்பது அந்த நாட்களில் தெரிந்தது.

## அடுத்த முறை செய்தியைப் படிக்கும்போது

1. பயிற்சியின் கதையை யார் எழுதினார்கள்? சிவிலியன்கள் கதை எழுதும் கட்டத்திலேயே இருந்தார்களா, நிறைவு நாளில் மேடையில் உட்கார வந்தார்களா?

2. ராணுவத்தின் திட்டம் பயிற்சியின்போது மாறியதா? எல்லாம் ‘திட்டமிட்டபடி வெற்றிகரமாக’ முடிந்தது என்று செய்திக்குறிப்பு சொன்னால் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று பொருள்.

3. பாதிக்கப்படும் நாடு எது? அந்த நாட்டுக்காரர் மேசையில் இருக்கிறாரா?

மூன்றாவது கேள்வி நமக்கு மிக நெருக்கமானது. 2004-இல் இந்தியா தன் பெருநிலப்பரப்புக்கு வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை ஏற்கவில்லை. உள்நாட்டில் பேரிடர் என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் தலைமையிலான அமைப்பிடம் இருக்கிறது. ராணுவம் சிவில் நிர்வாகத்தின் துணைக்கு வருகிறது. அமெரிக்க மரைன்கள் கடலூர்க் கரையில் அரிசி இறக்கும் நாள் வரப்போவதில்லை. ஆகவே டைகர் டிரையம்ப் போன்ற இருநாட்டு ஒத்திகையில் பாதிக்கப்பட்டதாகக் கற்பனை செய்யும் ஊர், நடைமுறையில், இந்தியாவும் இல்லை அமெரிக்காவும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மூன்றாவது ஒரு நாடு. அந்த மூன்றாவது நாட்டின் சிவில் அதிகாரிகளுக்கு இருவர் நடத்தும் பயிற்சியில் நாற்காலி போடுவது கடினம்.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாக, 2015 முதல் இந்தியா நடத்தும் ஆண்டு நிவாரணப் பயிற்சியைப் பார்க்கலாம். 2023 அக்டோபரில் கோவாவில் ‘சக்ரவாத்’ என்ற பெயரில் நடந்தபோது முப்படைகளோடு பேரிடர் மீட்புப் படையும் பிற சிவில் அமைப்புகளும் இந்தியப் பெருங்கடல் பகுதியின் எட்டு நாடுகளும் வந்தன. அளவு சிறிது; திசை சரியானது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கொழும்பில் நின்ற ஐஎன்எஸ் விக்ராந்தும் உதயகிரியும் தம்மிடம் இருந்த பொருட்களை உடனே இறக்கின. கப்பல் பக்கத்தில் இருந்தது, பொருளும் இருந்தது. அதற்கு அப்பால் அந்தப் பொருள் எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் விமானந்தாங்கிக் கப்பலில் இருக்காது. ‘ஜி.எஸ்.’ என்று மக்கள் சொல்லும் கிராம அலுவலரின் பதிவேட்டில் இருக்கும்: எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுத்த படுக்கை, யாருக்குக் கைக்குழந்தை என்று. பன்னாட்டு ஒத்திகை எதிலாவது அந்தப் பதிவேட்டோடு ஒருவரை அழைத்து, கப்பல் தலைவருக்கு எதிரே உட்காரவைத்து, ‘முதல் படகு எங்கே போக வேண்டும்?’ என்று கேட்டால், இந்தப் பயிற்சிகளில் சிவிலியன்களுக்கு என்ன வேலை என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.